சோடாவா, கலரா?

முசிறி பேருந்து நிலையத்தை ஒட்டிய பெட்டிக்கடையில் நான் கேட்டது 100 பிளஸ். திருச்சியிலிருந்து வந்த பேருந்துக் குலுக்கலில் அம்மாவுக்கு வயிறு சரியில்லை. காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, பந்து விளையாடிய களைப்போ, நம் ஊரில் கை முதலில் எடுப்பது அதைத்தானே! கடைக்காரப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் இல்லம்மா. சோடாவா, கலரா?"

எனக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒன்றில்லையா? இல்லையாம். சோடாவில் இனிப்பே கிடையாது, தண்ணீரும் காற்றும்தான். இனிப்பும் சாயமும் சேர்ந்துவிட்டால் அது கலர். வயிற்றுக் கோளாறு என்றதும் அவரே தீர்ப்பு சொல்லிவிட்டார். பாதி எலுமிச்சையைப் பிழிந்து, உப்புப் போட்டு, கோலி சோடாவை ஓர் அழுத்து அழுத்தினார். 'டப்'பென்று கோலி கழுத்துக்குள் இறங்கியது. ஹைராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற புட்டி அது. மூடியே கிடையாது. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்து வைக்கிறது. அம்மா குடித்து, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டுச் சிரித்தார். வந்து இறங்கியதிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

அம்மாவுக்கு இதுதான் முதல் தமிழ்நாட்டுப் பயணம். தாத்தா பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், கிளம்பும் நேரத்தில் தயங்கினார். "நம்ம தமிழ் அவங்களுக்குப் புரியுமாடி?" சுங்கை சிப்புட் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பாதி மலாய் கலந்த பேச்சு என்று தன்னைப் பற்றித் தானே ஒரு முடிவு கட்டி வைத்திருந்தார்.

அந்த முடிவுக்கு நானும் ஒரு காரணம். வானொலியில் பத்து ஆண்டுகளாகப் பேசுகிறேன். ஒலிவாங்கி முன்னால் எனக்கு எப்போதும் 'குளிர்பானம்'தான். ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் நானும் 'ஆயர் காஸ்' என்றுதான் கேட்பேன். மலாய்க்காரர்களுக்கு அது வாயுத் தண்ணீர். பக்கத்து மேசைச் சீன நண்பர் சொல்லும் 'சீ ஷுவெய்'க்கும் அதே பொருள்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து என்னோடு படித்த தோழிக்கோ எல்லாமே சோடா, கறுப்போ, ஆரஞ்சோ, அவள் ஊர் யானை மார்க் நெக்டோவோ, எதுவானாலும் "ஒரு சோடா குடிப்பமோ?" என்பாள். எங்கள் சின்ன வயதில் பேரெல்லாம் தேவைப்படவில்லை. தீபாவளிக்குப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் புட்டிகளில் சர்சி, ஆரஞ்சு, ஐஸ்கிரீம் சோடா என்று சுவைதான் பேர். அவற்றைச் செய்த எஃப் அண்ட் என் 1883இல் சிங்கப்பூரில் சோடா தண்ணீர் கம்பெனியாகத் தொடங்கியது. அதன் நூறாம் ஆண்டில், 1983இல் வந்ததால்தான் 100 பிளஸுக்கு அந்தப் பேர். (இதை எத்தனை முறை புதிர்ப் போட்டியில் கேட்டிருப்பேன்!)

தாத்தாவின் தம்பி வீட்டில் எங்களுக்காகத் தெருவே காத்திருந்தது. தம்பி காலமாகிவிட்டார், அவர் மனைவி, என் சின்னப் பாட்டி, அம்மாவின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தார். நலம் விசாரிப்பு முடிந்து, பேச்சு விருந்தோம்பலுக்கு வந்தது. அம்மா பெருமையாகச் சொன்னார்: "எங்க வீட்டுக்கு யாரு வந்தாலும் சரி, தண்ணி கலக்கிக் குடுக்காம அனுப்ப மாட்டேன்."

கூடத்தில் சத்தமே இல்லை. ஒரு மாமா தொண்டையைச் செருமினார். ஓர் இளம்பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நமக்குத் தண்ணி என்றால் தேநீர், மைலோ, ரோஸ் சிரப், எது வேண்டுமானாலும். அங்கே தண்ணி கலப்பது என்றால் வேறு விஷயம்! நான் அவசர அவசரமாக விளக்கினேன். வீடே வெடித்துச் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். ஆனால் அதன் பிறகு பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் தலையாட்டினார். முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க எனக்கே என்னவோ போலிருந்தது.

சின்னப் பாட்டி பேரனைக் கூப்பிட்டார். "டேய், மலேசியா அத்த வந்திருக்கு பாரு. ஓடிப் போயி ரெண்டு கலர் வாங்கிட்டு வா."

அம்மா சட்டென்று நிமிர்ந்தார். "சித்தி, நீங்களும் கலருன்னுதான் சொல்வீங்களா?"

"வேற எப்புடிச் சொல்றது?"

அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டுக்கு வந்திருந்த சக அறிவிப்பாளர்களிடம் அம்மா "கலர் குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். அவர்கள் போன பிறகு, "தோட்டத்துப் பேச்சும்மா அது, குளிர்பானம்னு சொல்லுங்க" என்று திருத்தியவள் நான். ஊடகத்துறையில் பட்டம் வாங்கியிருந்தேன் அல்லவா! அதன் பிறகு அந்தச் சொல்லை அம்மா சொல்லி நான் கேட்கவில்லை. தாத்தா கப்பலில் கொண்டுவந்த சொல்லா, பிறகு வந்தவர்கள் கொண்டுவந்ததா, தெரியாது. முசிறியில் எல்லார் வாயிலும் அது சாதாரணமாக இருந்தது.

பையன் பவண்டோ வாங்கி வந்தான். 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் தயாரிப்பு. திராட்சை வாசனையோடு நாக்கில் சுருக்கென்று ஏறியது. "சர்சிக்கும் கிரேப்புக்கும் நடுவுல இருக்கு" என்றார் அம்மா. சர்சி என்றால் என்ன என்று சித்தி கேட்க, அம்மா தோட்டத்துத் தீபாவளியில் ஆரம்பித்தார். காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்து வாங்கிய சில்லறை, அந்தச் சில்லறைக்கு அண்ணன் தம்பிகள் போட்ட சண்டை, தாத்தா கடைசி மடக்கை யாருக்கும் தராமல் ஒளித்து வைத்துக் குடித்தது. தாத்தா கதை எனக்கே புதிது. அவர் சின்ன வயதிலும் அப்படித்தானாம். புருஷன் சொல்லிக் கேட்டதாகச் சின்னப் பாட்டி ஒரு பதநீர் கதையை எடுத்து விட்டார்.

"இன்னும் கொஞ்சம் கலர் ஊத்துங்க சித்தி" என்று அம்மா டம்ளரை நீட்டினார். வயிற்றை நினைவுபடுத்த வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

நினைத்தது போலவே இரவெல்லாம் அம்மாவுக்கு வயிறு கடமுடா. காலையில் அதே பெட்டிக்கடைக்குப் போனேன். பெரியவர் வாயைத் திறக்கும் முன்பே நான் முந்திக்கொண்டேன்.

"சோடாங்கய்யா."