ஒரு கிலோ போடுண்ணே!

பேச்சிலர் ரூம் என்றால் மூன்று சாமான்கள் இருந்தே தீர வேண்டும். யாருடையது என்று தெரியாத ஓர் ஈரத் துண்டு, கைப்பிடி உடைந்த ஒரு குக்கர், தலையிலேயே அடுப்பைச் சுமந்துகொண்டு நிற்கும் ஒரு குட்டி சிலிண்டர். முதல் இரண்டைப் பற்றி எழுதினால் ஆசிரியர் போட மாட்டார். எனவே மூன்றாவதுக்கு வருகிறேன்.

எங்கள் ரூம் ஆம்பூரில் ஒரு மாடிப் போர்ஷன். கீழே ஹவுஸ் ஓனர் அம்மா, அவர் மகன், மருமகள், இரண்டு வாண்டுகள். மேலே நாங்கள் நாலு பேர். நாலு பேருமே ஷூ கம்பெனி உத்தியோகம். நான் அக்கவுண்ட்ஸ். ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக் கொள்வோம். சீர்காழி அண்ணன் எக்ஸ்போர்ட் பேப்பர்கள் பார்ப்பவர், வயதில் மூத்தவர். தேனிக்காரன் கட்டிங் செக்‌ஷன், சமையலும் அவன்தான். தர்மபுரிக்காரன் ஸ்டோர்ஸ், பாத்திரம் கழுவுவதற்கென்றே பிறந்தவன் (என்று நாங்கள் மூவரும் நம்புகிறோம்).

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் அடுப்புக்கு லீவு. ஆம்பூரில் இருந்துகொண்டு ஞாயிறு மதியம் சமைப்பவனை ஊரே ஒரு மாதிரியாகப் பார்க்கும். விறகடுப்பில் ஏறி, மூடி மேல் தணல் போட்டு தம் கட்டின சீரகச் சம்பா பிரியாணி, பக்கத்தில் கத்திரிக்காய், தயிர் பச்சடி. கேஸும் மிச்சம், ஜென்மமும் சாபல்யம். மற்ற ஆறு நாளும் குட்டி சிலிண்டர்தான் படியளக்கும் பெருமாள்.

நான் இந்த ரூமில் சேர்ந்த புதிதில், ஒரு 28-ஆம் தேதி ராத்திரி, பாதி வெந்த சாதத்தோடு அது அணைந்துபோனது. தேனிக்காரன் அதை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தான். "கடைக்குப் போய் 'ஒரு கிலோ போடுண்ணே'ன்னு சொல்லு மாப்ளே, போதும்."

அந்தக் கடைக்கு போர்டு கிடையாது. முன்னால் ஸ்டவ் ரிப்பேர், பர்னர், வாஷர். பிசினஸ் எல்லாம் திரைக்குப் பின்னால். ஒரு பெரிய சிவப்பு சிலிண்டர் தலைகீழாக நிற்கிறது. கீழே நம்ம குட்டி. இரண்டுக்கும் நடுவே ஒரு ட்யூப். மேலே இருக்கிற திரவம் கீழே இறங்குகிறது. பாதியில் நின்றுவிட்டால் அண்ணன் குட்டியின் திருகை லேசாகத் தளர்த்துவார். 'புஸ்' என்று ஒரு சத்தம். "காத்து எடுக்கறேன் தம்பி" என்றார். வந்தது காற்று இல்லை என்று மூக்கு சொன்னது. (சமையல் கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற சரக்கைக் கலக்கிறார்கள். அழுகின முட்டைகோஸ் மாதிரி அந்த நாற்றம்தான் நமக்கு அலாரம்.) பின்னால் திரும்பினால் சாமி படத்துக்கு ஊதுபத்தி புகைந்து கொண்டிருக்கிறது! சாமிக்கே பக்கென்றிருக்கும்.

கேஸ் வாங்க இரண்டே வழிதான். நம் சிலிண்டரைக் கொண்டுபோய் அதிலேயே ரொப்பிக்கொண்டு வருவது ஒன்று. காலியைக் கொடுத்துவிட்டு, ரொம்பின வேறொன்றை மாற்றிக்கொள்வது இன்னொன்று. கீழ் வீட்டில் நடப்பது இரண்டாவது. எங்கள் மாடியில் முதலாவது. எது மேல் என்று எங்கள் ரூமில் ஒரு வாரம் பட்டிமன்றமே நடந்தது.

"மாத்தறதுல நமக்குத்தான் நஷ்டம்" என்றான் தர்மபுரி. "நம்ம புது சிலிண்டரைக் குடுத்துட்டு எவனோட பழசையோ வாங்கணும். அடியில கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் போச்சு. ரீஃபில்னா நம்ம சிலிண்டர் நம்மகிட்டயே இருக்கும்."

டெக்ஸாஸில் இருக்கும் என் பெரியப்பா மகனிடம் போனில் கேட்டேன். அவன் வீட்டுத் தோட்டத்தில் கிரில் அடுப்பு வைத்து வாராவாரம் கோழியைச் சித்திரவதை செய்கிறவன். அங்கே இரண்டு வழியுமே சட்டப்படி உண்டாம். கிரில்லுக்கான டாங்க் 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ புரொப்பேன் பிடிக்கும். கடையில் மாற்றிக்கொண்டால் 15 பவுண்டுதான் இருக்குமாம். 2008-ல் அங்கே இரண்டு பெரிய கம்பெனிகள் 17-ஐ 15 ஆக்கிவிட்டு, விலையை அப்படியே வைத்துக்கொண்டன. இரண்டும் பேசி வைத்துக்கொண்டு நடந்தன என்று 2014-ல் அந்நாட்டு அரசின் வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, சமரசத்தில் முடிந்தது. "அதனால நான் எப்பவும் ரீஃபில்தான்டா" என்றான்.

தர்மபுரிக்கு முகமெல்லாம் பல். ஆனால் போனை வைப்பதற்கு முன் அவன் சொன்ன இன்னொரு விஷயம்தான் முக்கியம். அங்கே டாங்கின் வால்வுக்குள்ளேயே ஒரு மிதவை இருக்கிறது. நம் ஊர் மேல்நிலைத் தொட்டியில் பந்து மிதக்குமே, அந்த மாதிரி. 80 சதவிகிதம் ரொம்பினதும் தானாக அடைத்துக்கொள்ளும். 1998-ல் விதியில் வந்தது. 2002-க்குப் பிறகு அந்த மிதவை இல்லாத கிரில் டாங்கை ரொப்பவே கூடாது. தேதி தாண்டின டாங்கையும் தொட மாட்டார்கள். ஆக, அவன் தைரியத்துக்குக் காரணம் அந்தப் பந்து. எங்கள் குட்டியில் பந்தும் இல்லை, தேதியும் இல்லை, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை.

அது என்ன 80 சதவிகிதம்? வீட்டு சிலிண்டரில் 33.3 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆனால் 14.2 கிலோ கேஸ்தான் அடைக்கிறார்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இடம் வேண்டுமென்றே காலியாக விடப்படுகிறது. சூடு ஏறினால் உள்ளே இருக்கும் திரவம் விரியும். விரிய இடம் வேண்டாமா? இடம் இல்லையென்றால் இரும்பைத்தான் தள்ளும். வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்! மே மாதம், மொட்டை மாடி ரூம், கழுத்து வரை ரொப்பின குட்டி. நினைத்தாலே வேர்க்கிறது.

இன்னொன்று. இந்த கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் கூரைக்குப் போகாது, தரையில்தான் படரும். நாங்கள் நாலு பேரும் பாய் விரித்துப் படுப்பதும் அதே தரையில்தான். அதையும் தாண்டினால் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கும். கீழே இரண்டு வாண்டுகள். மாடியில் நாம் மிச்சம் பிடிக்கிற காசுக்கு ஜாமீன் கையெழுத்து அந்தக் குழந்தைகள் போட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னபோது சீர்காழி அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அது சரி தம்பி, அந்தக் கடைக்காரருக்குப் பெரிய சிலிண்டர் எங்கேருந்து வருது?"

நான் அக்கவுண்ட்ஸ் ஆள். ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே ஆக வேண்டும். எங்கள் குட்டியில் ஒரு கிலோ வரவு. பற்று யார் கணக்கில்? எந்த கேஸ் ஏஜென்சியும் ரீஃபில் கடைக்கு வீட்டு சிலிண்டர் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு இப்படி மாற்றுவதே சட்டப்படி தப்பு. அப்படியானால், யாரோ ஒரு வீட்டின் பெயரில் வந்த சிலிண்டர்தான் அங்கே தலைகீழாக நிற்கிறது. அல்லது, பல வீட்டு சிலிண்டர்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிய கேஸ்.

அந்தச் சமயம் பார்த்து ஹவுஸ் ஓனர் அம்மா மாடிப்படியில் நின்று புலம்பினார். "முன்னெல்லாம் ஒரு சிலிண்டர் நாப்பது நாள் வரும்ப்பா. இப்ப ஒரு மாசம்கூட வர்றதில்ல. மருமகளைக் கேட்டா 'நான் என்ன கேஸைக் குடிக்கறேனா'ங்கறா."

மாமியார் மருமகள் சண்டையில் தலையிடக் கூடாது என்பது பேச்சிலர் தர்மம். ஆனால் எடை பார்க்கலாமே? எங்கள் தொழிலில் ஒவ்வொரு தோலின் பின்புறமும் எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கும். எழுதியிருக்கிறதே என்று யாரும் விட்டுவிடுவதில்லை, வாங்குகிறவன் திரும்ப அளப்பான். சிலிண்டரிலும் காலி எடை எழுதித்தான் இருக்கிறது. அதோடு 14.2-ஐக் கூட்டினால் மொத்த எடை. 150 கிராம் முன்னே பின்னே இருக்கலாம். டெலிவரிக்கு வருகிறவர் தராசு கொண்டுவர வேண்டும், கேட்டால் எடை போட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி.

அடுத்த சிலிண்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் இறங்கிப் போய், "அண்ணே, ஒரு தடவை எடை பார்த்துடலாமா?" என்றேன்.

"தராசு வண்டியில இல்லீங்களே சார்."

"பரவாயில்லண்ணே. எதிர்த்தாப்ல பழைய பேப்பர் கடையில இருக்கு."

போட்டோம். காலி எடை 15.3 என்று எழுதியிருந்தது. முள் 29.5-க்கு வர வேண்டும். 28-ல் நின்றது. ஒன்றரை கிலோ! டெலிவரிக்காரர் அதிர்ச்சியாகப் பார்த்தார். நடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். சிலிண்டர் அவர் கைக்கு வருவதற்கு முன் எத்தனை கை மாறுகிறதோ! பேசாமல் அதை எடுத்துப் போய் வேறொன்று கொண்டுவந்தார். அது 29.5. மருமகளுக்கு அன்று முகத்தில் தீபாவளி. மாமியார் அதற்குப் பிறகு சிலிண்டர் பேச்சையே எடுப்பதில்லை.

அந்த ஒன்றரை கிலோ எந்தத் திரைக்குப் பின்னால் போனதென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஊரில் இப்படிக் குறைகிற கிலோக்களை வாங்குவதற்கு, 28-ஆம் தேதி ராத்திரி பையோடு ஓர் ஆள் போய் நிற்கிறான் அல்லவா? மேல் வீட்டு ரீஃபிலும் கீழ் வீட்டு எடைக்குறைவும் ஒரே ட்யூபின் இரண்டு முனை.

அன்று ராத்திரி ரூமில் ஓட்டெடுப்பு. தர்மபுரி மட்டும், "ஆனா மாத்தறதுல நம்ம சிலிண்டர் போயிடுமே" என்று பழைய பல்லவியைப் பாடினான். சீர்காழி அண்ணன் சிரித்தார். "போறதுதான்டா நல்லது. போனாத்தானே எவனாவது பார்ப்பான்?"

விஷயம் அதுதான். மாற்றுகிற சிலிண்டர் ஒவ்வொரு முறையும் பாட்டிலிங் பிளான்டுக்குப் போகிறது. எடை பார்க்கிறார்கள், வால்வு கசிகிறதா என்று பார்க்கிறார்கள், வயதானதைத் தனியே எடுத்து வைத்துச் சோதிக்கிறார்கள். கைப்பிடிக்குக் கீழே ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ முதல் டி வரை நாலு எழுத்து, வருஷத்தின் நாலு காலாண்டு. பி-29 என்றால் 2029 ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அது சோதனைக்குப் போக வேண்டும். அந்தத் தேதி தாண்டினது வந்தால் வாங்காதீர்கள். வீட்டு சிலிண்டர் வாங்கும்போது நாம் கட்டுவது டெபாசிட்தான். சிலிண்டர் கம்பெனியுடையது, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் கம்பெனியுடையது. 'நம்ம குட்டி' நம்மோடவே இருக்கும். அதன் துருவும் நம்மோடவே இருக்கும்.

ரேஷன் கார்டு இல்லாத, வருஷத்துக்கு ஒரு ரூம் மாறுகிற நம்ம மாதிரி ஆசாமிகளுக்கு யார் கனெக்‌ஷன் கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். 2013 அக்டோபரில் எண்ணெய்க் கம்பெனிகள் 5 கிலோ சிலிண்டரை வெளிச்சந்தையில் விற்க ஆரம்பித்தன. முதலில் பெட்ரோல் பங்குகளில், பிறகு ஏஜென்சி, மளிகைக் கடை என்று பரவியது. அடையாள அட்டை ஒன்று போதும், முகவரிச் சான்று வேண்டாம். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் தன்னுடையதற்கு 'சோட்டு' என்று பெயரே வைத்துவிட்டது. தீர்ந்தால் காலியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். மானியம் கிடையாது. வசதி மட்டும்தான்.

ஒரே ஒரு சங்கடம். ஒரு கிலோ, அரை கிலோ என்று வாங்க முடியாது. ஐந்து கிலோவுக்கும் ஒரே தடவையில் பணம் வைக்க வேண்டும். 28-ஆம் தேதி பேச்சிலரிடம் அது எங்கே இருக்கும்? ரீஃபில் கடை ஓடுவதே இந்த ஒரு காரணத்தால்தான். கிலோ கணக்குப் பார்த்தால் வீட்டு சிலிண்டரைவிட அங்கே விலை அதிகம்.

அக்கவுண்ட்ஸ்காரன் எதற்கு இருக்கிறேன்? ஒரு பழைய ஷூ டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டேன். தினமும் ஆளுக்குப் பத்து ரூபாய். மூன்று மாதமாகச் சோட்டுதான் சமைக்கிறது. குட்டியைப் பழைய இரும்புக் கடையில் போடலாமென்றால், அங்கிருந்து இன்னொரு ரூமுக்குப் போய்விடுமே என்று அண்ணன் தடுத்துவிட்டார். கேஸை முழுசாகத் தீர்த்து, மெக்கானிக் ஒருவரை வைத்து வால்வைக் கழற்றி எடுத்த பிறகுதான் கொடுத்தோம்.

ராத்திரி படுக்கப் போகும்முன் உங்கள் ரூம் சிலிண்டரின் கழுத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். ஒன்றுமே இல்லையென்றால் ஒரு ஷூ டப்பா தேடுங்கள். கேஸ் நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்கு போன் போடுங்கள்.

டப்பாவில் இப்போது நாற்பது ரூபாய் குறைகிறது. தர்மபுரிக்காரன் முகத்தைப் பார்த்தால் பிரியாணி சாப்பிட்ட களை தெரிகிறது. பற்று யார் கணக்கில் என்று எழுதிவிட்டேன்.