தூக்குப்போசியில் வந்த சீம்பால்

அன்புள்ள ஆத்தா,

இந்த மடல் அச்சில் வந்ததும் உங்கள் பேரன் படித்துக் காட்டுவான். நேரில் நன்றி சொல்ல நான் வாயெடுத்தபோதெல்லாம் நீங்கள் பேச்சைத் தவிட்டு விலைக்கும் சோளத்தட்டுக்கும் திருப்பிவிட்டீர்கள். நாலு வருஷமாக மனசுக்குள் வைத்திருப்பதை இனியும் வைத்திருக்க முடியவில்லை. ஊரறியச் சொல்லிவிடுகிறேன்.

அது மார்கழியின் முதல் வாரம். பனி கொறங்காட்டின் மேல் இறங்கி, கிளுவை வேலி இருந்த இடமே தெரியவில்லை. வீட்டுக்காரர் அரிசி ஆலையில் ராத்திரி ஷிப்டுக்குப் போயிருந்தார். பத்தரை மணி வாக்கில் எங்கள் காங்கயம் மாடு ஈன்றது. கிடாரிக் கன்று. நல்லபடியாக ஆயிற்று என்று நான் வெந்நீர் வைக்கப் போய்த் திரும்புவதற்குள் மாட்டுக்கு அடி தள்ளிவிட்டது. போனில் மருத்துவர் சொன்னபடி, ஈரத்துணியில் கருப்பையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். வந்து சேர்வதற்குள் மாடு அடங்கிவிட்டது. உள்ளே ரத்தக்குழாய் அறுந்திருக்கும், பக்கத்திலேயே இருந்திருந்தாலும் காப்பாற்றியிருப்பேன் என்று சொல்ல முடியாதம்மா என்று சொல்லிவிட்டு, அவரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

நான் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். கன்று என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. அது ஈரத்தோடு சாணத்தில் கிடந்தது. அப்போதுதான் எங்கள் கட்டுத்தரையில் வெளிச்சம் கண்டு டார்ச்சோடு நீங்கள் வந்தீர்கள். யாரும் கூப்பிடவில்லை. மாட்டை ஒரு தடவை பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. நேரே கன்றிடம் போனீர்கள்.

"செத்ததுக்குப் பொறவு அழுதுக்கலாம் கண்ணு. இது இன்னும் இருக்குது."

அந்த வார்த்தை அன்றைக்கு எனக்குக் கல்நெஞ்சாகப் பட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ விடியற்காலைகளில் அதைச் சொல்லிக்கொண்டே எழுந்திருக்கிறேன்.

வைக்கோலைப் புரியாகத் திரித்து, கன்றின் முதுகிலும் விலாவிலும் நீங்கள் தேய்த்த தேய்ப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. தாய் நாக்கால் நக்குவது அழுக்கு எடுக்க மட்டுமில்லை, ரத்தம் ஓடவும் மூச்சு சீராகவும்தான் என்று தேய்த்துக்கொண்டே சொன்னீர்கள். நம் ஊர்ப் பனி ஊட்டிப் பனி இல்லை. காய்ந்த உடம்போடு வயிறு நிறைந்த கன்று அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஈரமும் வெறும் வயிறும் வாடைக்காற்றும் சேர்ந்தால், பிறந்த கன்று விறைக்க ஒரு ராத்திரி போதும். நீங்கள் அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தீர்கள். "சில்லுன்னு இருக்குது. மொதல்ல சூடு, பொறவுதான் பாலு" என்றீர்கள். வெந்நீர்ப் பாட்டில்களைச் சாக்கில் சுற்றி இரண்டு பக்கமும் அணைத்து வைத்தோம். அரைமணி கழித்து வாய் வெதுவெதுத்தது. உங்கள் விரலை லேசாகச் சப்பியது. "இருடா சாமி" என்று அதனிடம் சொல்லிவிட்டு இருட்டுக்குள் போனீர்கள்.

திரும்பி வந்தபோது கையில் தூக்குப்போசி. உங்கள் ஜெர்சி கலப்பு மாடு அன்று பொழுதோடுதான் ஈன்றிருந்தது. அதன் கன்று குடித்தது போகக் கறந்த முதல் சீம்பால், மஞ்சளாக, தேன் மாதிரி கெட்டியாக, இரண்டு லிட்டருக்குக் குறையாமல் இருந்தது. உங்கள் பேரன் பேத்திகள் சீம்பாலுக்காகக் காலையிலிருந்து காத்திருந்தது எனக்குத் தெரியும். ஏலக்காய் தட்டி வெல்லம் போட்டு வேகவைக்க வைத்திருந்ததை அப்படியே எடுத்து வந்திருந்தீர்கள்.

அந்தப் போசியில் என்ன இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பிறகு கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்தில் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. மனுசக் குழந்தைக்கு வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து நோய் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் வந்துவிடுகிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அதை விடுவதில்லை. கன்று எந்தக் காப்பும் இல்லாமல்தான் மண்ணில் விழுகிறது. அதற்கு வேண்டிய எதிர்ப்புப் புரதம் முழுக்கச் சீம்பாலில் இருக்கிறது. அதையும் குடல் அப்படியே ரத்தத்துக்கு ஏற்றிக்கொள்வது முதல் சில மணி நேரம்தான். ஆறு மணி நேரம் போனால் பாதி வாசல் சாத்தியதுபோல. 24 மணி நேரத்தில் முழுதாக மூடிக்கொள்ளும். மறுநாள் காலையில் ஒரு குடம் சீம்பால் கிடைத்தாலும் நடுராத்திரி கிடைத்த போசிக்கு ஈடாகாது. உங்கள் மாடும் எங்கள் மாடும் ஒரே மண்ணில் மேய்ந்தவை. இந்த மண்ணின் கிருமிகளைக் கண்டு பழகிய உடம்பிலிருந்து வந்த பால் அது. வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "வெடியால வரைக்கும் பொறுக்காது கண்ணு" என்று அன்று நீங்கள் சொன்னதை வகுப்பெடுத்த அம்மா படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

கன்றுக்குப் பால் புகட்டும் பாட்டில் எங்களிடம் இல்லை. நடுராத்திரியில் எந்தக் கடை திறந்திருக்கும்? பரணிலிருந்து என் சின்னவளின் பழைய பால் பாட்டிலை எடுத்தேன். 250 மில்லி. எனக்கு அவசரம். வாயைத் திறந்து ஊற்றிவிடலாம் என்று தாடையைப் பிடித்தபோது நீங்கள் என் கையைத் தட்டிவிட்டீர்கள்.

"ஊத்தாத கண்ணு. உறிய உடு."

ஆத்தா, கன்று வளர்ப்பைப் பற்றி நான் கற்றதெல்லாம் இந்த ஒற்றை வரியைச் சுற்றித்தான் நிற்கிறது. கன்று தானே உறிஞ்சும்போது உள்ளே ஒரு மடிப்பு குழாய்போல் மூடிக்கொண்டு, பாலை முதல் இரைப்பையில் விழவிடாமல் நேரே நாலாம் இரைப்பைக்குக் கொண்டுபோகிறது. அங்கேதான் பால் திரைந்து செரிக்கும். அண்ணாக்கத் தூக்கி ஊற்றினால் பால் நுரையீரலுக்கும் போகும். மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயால் பாலை ஊற்றிக் கன்றை இழந்தவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! பாட்டிலைத் தாய்மடி உயரத்துக்கு மேலே தூக்காமல், கழுத்தை நீட்டி அதுவாக எட்டி உறிஞ்சும்படி பிடித்தீர்கள். எட்டு முறை பாட்டிலை நிரப்பினோம். முடிக்கும்போது மணி இரண்டரை. கன்று பின்காலை ஊன்றி எழுந்து, தள்ளாடி, உங்கள் சேலை முந்தானையைச் சப்பியது.

அடுத்த நாளிலிருந்து என் பொழுதைக் கன்றுதான் நடத்தியது. காலை 5 மணி, 11 மணி, மாலை 5 மணி, இரவு 10 மணி என்று நாலு வேளை. இருபது கிலோ கன்றுக்கு ஒரு நாளைக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு பால், பனி அதிகமானால் அரை லிட்டர் கூட. கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு தொடங்கும்போது நான் அடுப்படியில் பால் சூடு செய்துகொண்டிருப்பேன். முதல் இரண்டு நாள் என் மணிக்கட்டில் விட்டு வெதுவெதுப்புப் பார்த்தேன். கன்றின் உடம்பு நம் உடம்பைவிடச் சூடு, 39 டிகிரியை ஒட்டி இருக்கும். நமக்கு வெதுவெதுப்பாக இருப்பது அதற்கு ஆறின பால். அதிலும் அடுப்படியிலிருந்து கட்டுத்தரை போவதற்குள் பனியில் இன்னும் ஆறிவிடும். வெந்நீர் வாளிக்குள் பாட்டிலை வைத்துத் தூக்கிப் போகச் சொன்னீர்கள். இன்றும் அப்படித்தான் தூக்கிப் போகிறேன்.

ஒரு தப்பை நான் உங்களிடமிருந்து மறைத்தேன். ஐந்தாம் நாள், வேலைக்கு நேரமாகிறது என்று ரப்பர் காம்பின் ஓட்டையைப் பிளேடால் பெரிதாக்கினேன். அரைமணி வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. கன்று இருமியது. மறுவேளையும் இருமியது. நீங்கள் இருமலை மட்டும் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டுவிட்டு வந்து, காம்பைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு போனீர்கள். சாயந்தரம் புதுக் காம்பு வந்தது. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

பனிக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டியபோதும் அப்படித்தான். மூத்திர நெடி உள்ளேயே அடைந்து எனக்கே கண் எரிந்தது. நீங்கள் மேல்பக்கம் இரண்டு முழம் அவிழ்த்துவிட்டீர்கள். காற்று கன்றின் மேல் படக்கூடாது, ஆனால் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். படுக்கை காய்ந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்காதே, மண்டி போட்டுப் பார் என்றீர்கள். முழங்காலில் ஈரம் பட்டால் வைக்கோலை மாற்ற வேண்டும். என் சேலைகள் எல்லாவற்றிலும் முழங்கால் இடத்தில் ஒரு கறை இருக்கிறது. துவைத்தும் போகவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் ஓவர்லாக் அடித்தவள் நான். அந்தத் தொழில் இங்கே எதற்கும் உதவாது என்று நினைத்திருந்தேன். கன்றுக்குக் குளிர்ச்சட்டை தைத்துக் கொடு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வெளியே கோணிச்சாக்கு, உள்ளே பனியன் வேஸ்ட் துணி, வயிற்றுக்கடியில் முடிச்சு. இப்போது நம் ஊரில் ஆறேழு கட்டுத்தரைகளில் என் தையல் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் கழிச்சல் கண்டது. வெள்ளையாக, தண்ணியாக. கண் குழிந்துவிட்டது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. வயிறு சரியில்லை, பாலை நிறுத்து என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நீங்கள் மட்டும், "எனக்கு இது தெரியல. தெரிஞ்சவங்களக் கூப்புடு" என்றீர்கள். அத்தனை வருஷம் மாடு வளர்த்தவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வர எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் செய்தோம். வண்டியில் வந்த மருத்துவர் பாலை நிறுத்தவே கூடாது என்றார். பட்டினி போட்டால் குளிரைத் தாங்கத் தெம்பு எங்கிருந்து வரும்? வழக்கம்போல் பால், இரண்டு வேளைக்கு நடுவில் தனியாக உப்புக் கரைசல். மூன்று நாள் நீங்களும் நானும் முறைவைத்து விழித்தோம். நாலாம் நாள் சாணம் இறுகியது. அன்றைக்கு நீங்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் கன்று பிழைத்துவிட்டது என்று நம்பினேன்.

என் பெரியவள் அதற்குச் செவப்பி என்று பேர் வைத்தாள். காங்கயம் கன்று செவப்பாகப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலையாகிவிடும் என்று நீங்கள் சொன்னதை அவள் நம்பவில்லை. ஆனியில் நிறம் மாறியது. பேர் மாறவில்லை.

போன வருஷம் எங்கள் கலப்பு மாட்டுக்கு மடிநோய் வந்து, அதன் காளைக்கன்றையும் பாட்டிலில்தான் வளர்த்தேன். காளைக்கு எதற்கு இவ்வளவு பால் என்று கேட்டவர்கள் உண்டு. உங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்தக் கேள்வி காதில் ஏறவில்லை.

கடன் தீர்க்க முயன்று நான் தோற்றதையும் எழுத வேண்டும். தை பிறந்ததும் இரண்டு லிட்டர் பாலோடு வந்தேன். "சீம்பாலுக்குக் கணக்கு வெக்கப்படாது" என்று வாசலிலேயே நிறுத்தினீர்கள். பணம் என்று வாய் திறந்திருந்தால் அதன்பின் என்னோடு பேசியிருக்கமாட்டீர்கள். அதனால் வேறொன்று செய்கிறேன். எங்கள் மாடு ஈனும்போதெல்லாம் கன்று வயிறு நிறையக் குடித்தபின் மிஞ்சும் முதல் கறவையைச் சுத்தமான பாட்டிலில் அடைத்து, தேதி எழுதி உறைபெட்டியில் வைத்துவிடுகிறேன். ஒரு வருஷம்வரை கெடாது. வேண்டும்போது வெந்நீருக்குள் வைத்து மெதுவாக உருக்க வேண்டும், அடுப்பில் வைக்கக் கூடாது. அடுப்பில் வைத்தால் கட்டிதட்டும். சீம்பால் இனிப்பை இறுக வைக்கிற அதே குணம்தான். எதிர்ப்புப் புரதமும் அதோடு பாழாகும். இதுவரை நாலு வீட்டுக்கு நாலு பாட்டில் போயிருக்கிறது. கடைசியாக வந்தவர் விடியற்காலை மூன்று மணிக்கு மொபெட்டில் வந்தார். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டேன். உங்களைத்தான் சொன்னார்.

செவப்பி இப்போது தலையீத்துச் சினை. தை கடைசியில் ஈனும் என்று மருத்துவர் சொல்கிறார். இடுப்பெலும்பு இளகத் தொடங்கியிருக்கிறது, மடி இன்னும் இறங்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஆத்தா. அதன் தாய்க்கு ஆனது கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு ராத்திரியில் நடக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பது தெரியும். நீங்கள் நடக்க வேண்டாம். செவப்பி தீனி எடுக்காமல் நின்றால், அது எந்த மணியானாலும் நானே வண்டியில் வந்து கூட்டிப் போகிறேன். கட்டுத்தரையில் உங்களுக்குக் கயிற்றுக்கட்டில் போட்டு, சாக்கைச் சுற்றித் தலைமாட்டில் காற்று படாமல் மறைத்து வைத்திருக்கிறேன். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும்.

உங்கள் தூக்குப்போசி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெறுமனே திருப்பித் தர மனசு வராமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வேலிக்கு இந்தப் பக்கத்து வீட்டுக்காரி