பயோவா, மெத்ஸா? – பதிலுக்கு முன்னர் எங்கள் பிழை ஒன்று



சாதாரண தரப் பெறுபேறு வந்ததிலிருந்து எங்களுக்கு வரும் கோல் எல்லாம் ஒரே கேள்விதான். "சேர், மகனுக்கு எட்டு ஏ. பயோ போடவா, மெத்ஸ் போடவா?" ஏ குறைந்த பிள்ளையின் வாப்பா கொஞ்சம் தயங்கிக் கேட்பார். "ஆர்ட்ஸ் தானே சேர் மிச்சம்?"

பதில் சொல்ல முன்னர் எங்கள் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு தொடங்கியது. ஊரே சந்தோசப்பட்டது. ஆனால் பிள்ளைகள் போதவில்லை. வகுப்பை மூடிவிடுவார்களோ என்று பயந்து நாங்கள் வீடு வீடாகப் போனோம். அப்படிக் கூட்டி வந்தவர்களில் ஒரு பிள்ளை, வாப்பாவின் சில்லறைக் கடையில் கடன் கொப்பி எழுதுபவள். கணக்கீட்டில் ஏ, விஞ்ஞானத்தில் பி. "கொமர்ஸ் தான் விருப்பம்" என்றாள். "ஏழு ஏ எடுத்த பிள்ளை கொமர்ஸ் செய்யிறதா?" என்று கேட்டது வீட்டார் இல்லை, நாங்கள்.

மூன்று தரம் எழுதினாள். முதல் தரம் இரசாயனவியல் எஃப். மூன்றாம் தரம் மூன்று எஸ். கம்பஸ் கிடைக்கவில்லை. அதற்கிடையில் டியூஷன் காசுக்காக உம்மாவின் காப்பும் ஈட்டுக்குப் போய்விட்டது.

போன வருடம் விடுகைப் பத்திரம் எடுக்க வந்தாள். இப்போது ஏ.ஏ.டி. படிக்கிறாளாம். ஓ.எல். முடிந்த கையோடு தொடங்கியிருக்கக்கூடிய படிப்பு. "கணக்கீட்டில ஏ எடுத்தன் தானே சேர், அப்பவே ஏன் சொல்லல்ல?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஸ்டாஃப் ரூமில் இருந்த எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கல்வியியற் கல்லூரியில் வழிகாட்டலும் ஆலோசனையும் படித்தவர்கள்தான் நாங்கள். பிள்ளையின் திறமையையும் விருப்பத்தையும் முதலில் பார் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினோம். ஊருக்கு வந்ததும் வகுப்பில் எத்தனை தலை என்று எண்ணினோம்.

"அப்ப தொழில் பார்க்காமல் படிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. தொழில் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எப்படிப் பார்க்கிறோம்? கட்டாருக்கு உலகக் கிண்ணம் கிடைத்த பின்னர் ஒரு வீட்டுப் பிள்ளை கியூ.எஸ். வேலைக்குப் போய் மாடி வீடு கட்டினார். பின்னால் அந்த ஒழுங்கையே கியூ.எஸ். படித்தது. 2022இல் போட்டி முடிந்தது, கட்டட வேலையும் குறைந்தது. கடைசியாகப் படித்து முடித்தவர்கள் சீ.வீ.யோடு அலைந்தார்கள். பக்கத்து வீட்டைப் பார்த்து இன்று எடுக்கும் முடிவு, பிள்ளை படித்து வெளியேறும் நாளில் பழசாகிவிடலாம்.

இப்போது கேட்பவர்களிடம் மூன்று விடயம் சொல்கிறோம்.

ஒன்று, எத்தனை ஏ என்று எண்ணாமல், எதில் ஏ என்று பாருங்கள். சொல்லாமலே பிள்ளை எந்தக் கொப்பியைத் திறக்கிறது என்றும் பாருங்கள்.

இரண்டு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை உயர்தரம் எழுதும்வரை காத்திராமல் இப்போதே புரட்டுங்கள். எந்தப் பாடங்களுக்கு எந்தப் பாடநெறி, நமது மாவட்டத்துக்கு இஸட் வெட்டுப்புள்ளி எவ்வளவு என்று பார்க்கலாம். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பயோ என்றால் டாக்டர் மட்டும் இல்லை, கொமர்ஸ் என்றால் கடை மட்டும் இல்லை என்பது அந்தப் பக்கங்களில் தெரியும். 2013இல் வந்த தொழிநுட்பப் பிரிவைப் பற்றி இன்னும் விசாரிக்காத வீடுகள் நிறைய.

மூன்று, கம்பஸ் மட்டும் வாசல் இல்லை. என்.வி.கியூ. 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். எங்களில் பலரே வெட்டுப்புள்ளி தவறித்தான் கல்வியியற் கல்லூரிக்குப் போனோம். அன்று அழுதோம். இன்று இந்தத் தொழிலை விட மனமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

விஞ்ஞானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. விரும்பி வரும் பிள்ளைக்கு இரவிரவாகவும் படிப்பித்துக் கொடுப்போம். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில். பிள்ளைக்குப் பொருந்திய வழியைத் தேடிக் கொடுப்பது நம் எல்லோர் மேலும் உள்ள அமானிதம்.

எங்களிடம் கேட்க வாருங்கள். வரும்போது பிள்ளையையும் கூட்டி வாருங்கள், முதலில் பிள்ளை பேசட்டும். வகுப்பில் ஆள் குறைந்தால் அது எங்கள் கவலை. இனி அதைப் பிள்ளையின் தலையில் ஏற்ற மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.