ஆற்றைப் பற்றிப் பாடம் சொல்ல யார் வருவார்?



பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகும் நாளில் நாம் என்னென்ன கேட்கிறோம்? கட்டணம் எவ்வளவு, கல்விக் கடன் கிடைக்குமா, தங்கும் விடுதி உண்டா, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? இவ்வளவுதான். ‘இந்தப் பாடத்தை நடத்தப் போகிறவர் யார்?’ என்று கேட்ட பெற்றோரை நான் இதுவரை கண்டதில்லை. தோட்டப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்க்கும் நான், இன்று அந்தக் கேள்வியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன். அதிலும் ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது சுற்றுச்சூழல் கல்வி.

‘குப்பை பொறுக்குவதற்கு ஒரு படிப்பா?’ என்று சிலர் சிரிக்கக்கூடும். ஜொகூர் பாசிர் கூடாங்கில் 2019 மார்ச் மாதம் நடந்ததை எண்ணிப் பாருங்கள். கிம் கிம் ஆற்றில் யாரோ இரவோடு இரவாக இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. ஆற்றில் கொட்டியது என்ன, அது காற்றில் எப்படிப் பரவும் என்று தெரிந்தவர்கள் ஊருக்கு வேண்டாமா? அவர்களை உருவாக்கும் படிப்புதான் இது.

நம் தோட்டத்து மக்களுக்கு இது புதிய சங்கதியும் அன்று. செம்பனை ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குளங்கள் இருக்குமே, அவற்றின் நாற்றம் நமக்குத் தெரியாததா? ஆலையிலிருந்து வரும் அந்தப் பழுப்புக் கழிவை அப்படியே ஆற்றில் விட்டால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள பிராணவாயுவையெல்லாம் உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சின்றிச் செத்து மிதக்கும். ஒரு காலத்தில் இந்நாட்டு ஆறுகள் பல அப்படித்தான் கெட்டன. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. கழிவு நீர் எவ்வளவு பிராணவாயுவை உறிஞ்சலாம் என்பதற்கு 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று வைத்த வரம்பை, படிப்படியாக இறக்கி 1984-இல் 100-க்குக் கொண்டு வந்தார்கள். அந்த நாற்றக் குளங்கள் கழிவை ஆற வைத்து, நுண்ணுயிர்களைக் கொண்டே சுத்தப்படுத்துவதற்காக வெட்டப்பட்டவை. இதை யாராவது நமக்குச் சொன்னார்களா?

களைக்கொல்லி மருந்தின் கதையும் அப்படியே. பாராகுவாட் மருந்தை முதுகில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். 2002-இல் அதை விலக்குவதாக அரசாங்கம் முடிவு செய்தது. 2006-இல் மீண்டும் அனுமதித்தது. 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை வந்தது. இந்த இழுபறி நடந்த காலமெல்லாம் நகம் கறுத்து, மூக்கில் இரத்தம் வடிந்து நின்றவர்கள் யார் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா?

சரி, இந்தப் பாடத்தை யார் நடத்துவது? டிப்ளோமா வகுப்புக்குப் பாடம் சொல்பவர் பட்டதாரியாகவும், பட்டப்படிப்புக்குச் சொல்பவர் முதுகலை படித்தவராகவும் இருக்க வேண்டும் என்பது இங்கே பொதுவான விதி. விதி நல்லதுதான். ஆனால் எந்தத் துறையில் பட்டம், மண்ணையும் நீரையும் தொட்டுப் பார்த்தவரா என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

இந்தியாவில் நடந்ததைக் கேளுங்கள். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1991-இல் கூறியது. 2003-இல் மறுபடியும் வலியுறுத்தியது. அதன் பிறகு எல்லாப் பட்டப்படிப்புகளிலும் ஆறு மாதப் பாடமாக அது நுழைந்தது. பாடம் வந்ததே தவிர, பல கல்லூரிகளில் அதற்கென்று ஆசிரியரை நியமிக்கவில்லை. அந்த நேரத்தில் சும்மா இருக்கும் வேறு பாட ஆசிரியர் எவரோ, அவர் கையில் புத்தகம் கொடுக்கப்பட்டது. அவரும் பாவம், என்ன செய்வார்? வாசித்துக் காட்டினார். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து தேறினார்கள். சட்டத்தின் பலத்தோடு வந்த பாடத்துக்கே அந்தக் கதி என்றால், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

நம் நாட்டில், என் கண் முன்னால் நடந்ததையும் சொல்கிறேன். என்னிடம் நான்காம் ஆண்டு படித்த ஒரு பெண், பின்னாளில் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை வரை படித்தாள். அவள் தாய் வெளிக்காட்டில் மருந்து அடித்தே அவளை ஆளாக்கியவர். பட்டணத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. போகுமுன் என்னிடம் வந்தாள். “அனுபவம் என்ன இருக்குன்னு கேப்பாங்களே சார், நான் எங்கேயும் வேலை பார்க்கலையே” என்றாள்.

“நீ பிறந்து வளர்ந்த இடத்தைச் சொல்லம்மா. ஆலைக் குளத்தையும் உன் அம்மாவின் கையையும் சொல்லு” என்றேன்.

அப்படியே சொன்னாளாம். எதிரில் இருந்த மூவரும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்களாம். வேலை கிடைத்தது. ஆனால் எப்படி? நிரந்தரப் பணி இல்லை. வகுப்பில் நிற்கும் மணிக்கு இவ்வளவு என்று கூலி. விடுமுறை மாதங்களில் ஒன்றும் கிடையாது. அடுத்த பருவத்தில் வேலை உண்டா என்பதும் தெரியாது.

செய்தி கேட்ட அந்தத் தாய் சந்தோஷப்படவில்லை. “நாங்க நாள் சம்பளத்துல கெடந்தோம் சார். இத்தனை படிச்ச புள்ளைக்கு மணி சம்பளமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ‘இதற்குப் பேசாமல் கிராணி வேலைக்குப் போயிருக்கலாமே’ என்று உறவினர்களும் பேசினார்கள்.

அந்தப் பெண் வேலையை விடவில்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு பக்கத்து ஆற்றுக்குப் போய், தண்ணீரைப் போத்தலில் பிடித்துச் சோதிக்கக் கற்றுக்கொடுத்தாள். வகுப்புக்கு வெளியே நடந்ததால் அந்த மணிகளுக்குக் கூலி இல்லை. ஆற்றுக்குப் போன மாணவன் ஒருவன், “டீச்சர், எங்க தாமான் சாக்கடைத் தண்ணியும் இதே மாதிரிதான் இருக்கு. அதையும் பார்க்கலாமா?” என்று கேட்டானாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பூரிப்பை நான் எப்படி எழுதுவது! இன்றும் அவள் மணிக்கணக்கு ஆசிரியைதான். அடுத்த பருவத்துக்கு அழைப்பு வருமா என்று காத்திருக்கிறாள்.

பெற்றோர்களே, இதில் நமக்கு என்ன என்று எண்ணாதீர்கள். மணிக்கணக்கில் வந்து போகிறவரால் ஒரு மாணவனின் ஆய்வை இரண்டு ஆண்டு கூடவே இருந்து திருத்த முடியுமா? ஓராற்றை மழைக்காலத்திலும் வெயில் காலத்திலும் பார்த்தால்தானே அதன் குணம் தெரியும்? பருவத்துக்கு ஓர் ஆசிரியர் மாறினால் அந்தப் பாடத்துக்கு வேர் பிடிப்பது எப்படி?

ஆகவே, கல்லூரி வாசலை மிதிக்கும்போது மூன்றே கேள்விகள் கேளுங்கள். இந்தப் பாடத்தை நடத்துபவர் அந்தத் துறையில் படித்தவரா? அவர் நிரந்தர ஆசிரியரா? ஆண்டில் எத்தனை நாள் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள்? தயங்காதீர்கள். பணம் கட்டுகிறவர்கள் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார்கள்.

உங்கள் வீட்டில் மண்ணையும் நீரையும் பற்றித் துருவித் துருவிக் கேள்வி கேட்கும் பிள்ளை இருந்தால், அதன் வாயை அடைக்காதீர்கள். எந்தக் களை எந்த மழைக்கு முளைக்கும், எந்த ஓடையில் மீன் செத்தது என்பதெல்லாம் நாம் வெளிக்காட்டில் பட்டு அறிந்தவை. அந்த அறிவோடு பட்டமும் சேரட்டும். நாளை ஒரு கல்லூரியில் ஆற்றைப் பற்றிப் பாடம் சொல்ல ஆள் தேடும்போது, நம் பிள்ளை தலைநிமிர்ந்து போய் அமரட்டும். அன்றைக்கு மாதச் சம்பளத்தோடு அமரட்டும்.