12 இரவு, 3 ஊர்



செப்டம்பரில் நானும் வீட்டுக்காரரும் ஐரோப்பா போகிறோம் என்கிற செய்தி எப்படியோ எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விட்டது. "டீச்சர், எத்தனை நாடு?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத விரல் வலிக்கிறது. அதனால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்கும்.

12 இரவு, 3 ஊர். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம். அவ்வளவுதான்.

"இவ்வளவு செலவு பண்ணிப் போய் மூணே ஊரா?" என்று பலருக்கும் வருத்தம். பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் மகன் ரொம்ப ஆசையாக ஒரு திட்டம் போட்டு அனுப்பியிருந்தான். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், சூரிக், வெனிஸ், ரோம், பார்சலோனா. 12 இரவுக்கு ஏழு ஊர். "அத்தை, ஒரே விசாவில் எல்லாம் பார்த்துடலாம்" என்றான். அவன் சொன்னது சரிதான். ஷெங்கன் விசா 29 நாடுகளுக்குச் செல்லும். (லண்டன் அதில் சேராது. அதற்குத் தனி விசா வேண்டும்.) ஆனால் விசா இடம் கொடுப்பது வேறு, நாள் இடம் கொடுப்பது வேறு.

பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தேன். வகுப்புக்குக் கால அட்டவணை போடுவது போல, நாளைக் காலை, மாலை என்று இரண்டு கட்டமாகப் பிரித்தேன். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறும் நாளில் என்ன நடக்கும்? காலையில் பெட்டி கட்ட வேண்டும். பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். ஸ்டேஷனுக்கு முன்னதாகவே போக வேண்டும். இறங்கிய ஊரில் விடுதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பல விடுதிகளில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். ரயில் பயணம் இரண்டே மணி நேரம் என்றாலும் அன்றைக்கு ஐந்தாறு மணி நேரம் கரைந்துவிடும். ஆக, ஊர் மாறினாலே ஒரு கட்டம் அடிபடும். ஆம்ஸ்டர்டாமிலிருந்து சூரிக் போன்ற தூரத்துக்கு இரண்டு கட்டமும் போய்விடும்.

ஏழு ஊர் என்றால் ஆறு முறை மாற வேண்டும். கட்டங்களை அடித்துப் பார்த்தபோது, பாரிஸுக்கு மிஞ்சியது இரண்டு இரவு. அதில் முதல் இரவு விமானக் களைப்பிலேயே போகும். ஆக, என் அக்காவுக்குக் கிடைப்பது ஒன்றரை நாள்.

அங்கேதான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு இது தெரிந்த கதை, வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1954 நவம்பர் 1-இல் இங்கே நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16-இல்தான் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அந்த ஒப்பந்தத்தில் வழி இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்த குடும்பத்தில்தான் என் அக்காவைக் கட்டிக் கொடுத்தோம். அத்தான் சொல்தா. ஒவ்வொரு தெருவிலும் ஒரு சொல்தா வீடு இருந்த காலம் அது. அவர் ஓய்வு பெற்ற பிறகு குடும்பம் பாரிஸுக்கு வடக்கே சார்செல் பக்கம் குடியேறியது.

அக்காவுக்கு இப்போது 74 வயது. அத்தான் இல்லை. ஏழு வருஷமாக அவளால் ஊருக்கு வர முடியவில்லை. நீண்ட விமானப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடியோவில் தினமும் பார்க்கிறோம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்து ஏழு வருஷம் ஆகிறது. போனில் அவள் கேட்டது ஒன்றுதான். "எங்கெங்க போறீங்கன்னு எல்லாம் சொல்ல வேணாம் பாப்பா. எங்கிட்ட எத்தனை நாள் இருப்பே, அதை மட்டும் சொல்லு."

அதனால் திட்டத்தை அக்காவிடமிருந்து தொடங்கினேன். முதலில் அவளுக்கான எட்டு இரவை நோட்டில் எழுதினேன். மீதி நான்கில்தான் ஊர் பார்ப்பது. நான்கு இரவை எப்படிப் பிரிப்பது? ஓர் இரவு மட்டும் தங்கும் ஊரை எழுதுவதே இல்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். சாயங்காலம் போய் இறங்கி மறுநாள் காலை கிளம்பினால், அந்த ஊரில் நாம் பார்ப்பது விடுதிக் கட்டிலைத்தான். ஆக, இரண்டு இரவாக இரண்டு ஊர்.

எந்த இரண்டு என்பதை ரயில் பாதை முடிவு செய்தது. பாரிஸில் கார் து நோர் என்கிற ஸ்டேஷனிலிருந்து பிரஸ்ஸல்ஸ் ஒரு மணி 22 நிமிடம். அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் சுமார் இரண்டு மணி நேரம். திரும்ப ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிஸ் மூன்று மணி இருபது நிமிடத்துக்குப் பக்கம். மூன்றும் ஒரே பாதை. அக்கா வீட்டுப் பக்கமிருந்து ஆர்.ஈ.ஆர். டி ரயில் நேரே கார் து நோர் வருகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி மாற வேண்டாம்.

திட்டம் இப்படி:

1 முதல் 4 இரவு: அக்கா வீடு.
5, 6: பிரஸ்ஸல்ஸ்.
7, 8: ஆம்ஸ்டர்டாம்.
9 முதல் 12: திரும்ப அக்கா வீடு.

ஒரு ஊரில் இறங்கி வேறு ஊரிலிருந்து விமானம் ஏறினால் நாள் மிச்சம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனை. ஆனால் எங்கள் பெரிய பெட்டிகளில் இருப்பது அக்காவுக்கான வடகம், மசாலாப் பொடி, புடவை. அவற்றை ஆம்ஸ்டர்டாம் வரை இழுக்க எங்கள் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. பெட்டியை அக்கா வீட்டில் வைத்துவிட்டு ஆளுக்கொரு தோள்பையோடு கிளம்புவதுதான் எங்கள் வயதுக்குச் சரி. சாமான் பற்றி இன்னொன்று: நெய், பால்கோவா போன்ற பால் பொருளும் இறைச்சியும் அங்கே கொண்டுபோகத் தடை. கறிவேப்பிலைக் கொத்தும் சான்றிதழ் இல்லாமல் போகாது.

விசா விஷயம் கேட்டவர்களுக்கு: அதிக இரவு எந்த நாட்டிலோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு எட்டு இரவு பிரான்ஸ் என்பதால் பிரெஞ்சு விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். உறவினர் வீட்டில் தங்கினால், அவர்கள் தங்கள் ஊர் மேரியில் போய் "அத்தெஸ்தாசியோன் தக்கேய்" என்கிற சான்று வாங்கி, அசலை நமக்கு அனுப்ப வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம். நம் கடற்கரைச் சாலையில் இருக்கிறதே மேரி, அதே சொல்தான். 74 வயதில் அக்கா படியேறிப் போய் வாங்கி அனுப்பியிருக்கிறாள். அந்தக் காகிதத்தில் அவள் கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. விசா கைக்கு வரும் வரை, கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய விடுதியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

ஊர் பார்ப்பதிலும் ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம்தான். விடுமுறை நாளைப் பார்த்துக் கட்டத்தில் போட வேண்டும். லூவ்ரு செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கட்கிழமை. 2019-இல் தீப்பிடித்து 2024 டிசம்பரில் திரும்பத் திறந்த நோத்ர் தாம் கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டுக்கு இணையத்தில் மட்டும்தான் டிக்கெட். ஆறு வாரம் கழித்துப் போகும் நாட்களுக்கு ஒவ்வொரு செவ்வாயும் விடுவார்கள். படிகள் செங்குத்து என்கிறார்கள். 1942 ஜூலையிலிருந்து 1944 ஆகஸ்ட் வரை அந்தப் பெண் வெளியே வராமல் இருந்த கதையை எத்தனை வருஷம் உங்களுக்குச் சொல்லியிருப்பேன்! அந்தப் படியை மெதுவாகவாவது ஏறிவிடுவேன். அன்றைக்கு வேறு வேலை வைக்கவில்லை.

நமக்கென்றே பாரிஸில் ஒரு நடை வைத்திருக்கிறேன். 6-ஆம் எண் மெட்ரோவில் டூப்ளே என்று ஒரு நிலையம் உண்டு. நம் கடற்கரையில் சிலையாக நிற்கிறாரே, அவரேதான். அந்தப் பகுதியில் புதுச்சேரி பெயரிலும் ஒரு தெரு இருக்கிறது. ஈஃபில் கோபுரமும் அங்கிருந்து பக்கம். இன்னொரு நாள் லா ஷப்பேல். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் இடம், கார் து நோரிலிருந்து நடக்கிற தூரம். அங்கே மாணிக்க விநாயகர் கோயிலுக்கு அக்காவோடு போவேன்.

பிரஸ்ஸல்ஸில் என் பழைய மாணவன் ஒருவன் ஸ்டேஷனுக்கே வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறான். மூன்றாம் வகுப்பில் அவனை நான் கைபிடித்துச் சாலை கடக்க வைத்திருக்கிறேன். இப்போது அவன் முறை.

அப்பா அம்மாவுக்குப் பயணம் போட்டுக் கொடுக்கும் பிள்ளைகள் இதை மட்டும் மனதில் வையுங்கள். ஊர்களை எண்ணுவதற்கு முன் இரவுகளை எண்ணுங்கள். அதற்கும் முன், அவர்கள் யாரைப் பார்க்க ஏங்குகிறார்கள் என்று கேளுங்கள். வெனிஸும் ரோமும் நாம் இல்லாவிட்டாலும் அங்கேயே இருக்கும். மனிதர்கள் அப்படி இல்லை.

அண்ணன் மகனே, நீயும் இதைப் படிப்பாய். கோபித்துக்கொள்ளாதே. உன் ஏழு ஊர்த் திட்டத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அது உன் தேனிலவுக்கு ஆகும். அப்போதும் இரண்டு ஊரைக் குறைத்துக்கொள்.

வத்தக்குழம்புப் பொடி அரைக்க மிளகாய் காய்கிறது. காக்காய் வருவதற்குள் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
புதுச்சேரி