டான்யூப் நதிக்கரையில் ஒரு நாள்

2018ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஒரு பயிற்சிப் பட்டறைக்காக ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டுக்குச் சென்றிருந்தோம். இலங்கையிலிருந்து நாங்கள் இருவர். என்னுடன் வந்தவர் மட்டக்களப்பில் கள உத்தியோகத்தராக வேலை செய்யும் அக்கா ஒருவர். 1990இல் கணவரை இழந்து, மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர். பட்டறை முடிந்த மறுநாள் டான்யூப் நதிக்கரையிலுள்ள மூன்று பழைய ஊர்களைக் காட்டுவதற்காக எங்களை பஸ்ஸில் அழைத்துச் சென்றார்கள். வழிகாட்டியாக வந்தவரும் ஒரு பெண்தான்.

கிழக்கு நோக்கி ஓடிவரும் டான்யூப், புடாபெஸ்டுக்கு வடக்கே மலைகளுக்கிடையில் தெற்காகத் திரும்புகின்றது. முதலில் சென்டென்ட்ரே. தலைநகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர். கல் பதித்த ஒடுங்கிய தெருக்கள், மஞ்சளும் சிவப்புமாய் வீடுகள். பார்க்க அழகான ஊர். ஆனால் இது அகதிகள் கட்டிய ஊர் என்று வழிகாட்டி சொன்னதும் நாங்கள் இருவரும் அவருக்கு அருகில் போய் நின்றுகொண்டோம்.

1690இல் ஓட்டோமான் படைகளுக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான சேர்பியக் குடும்பங்கள் தமது மதத் தலைவருடன் வடக்கே வந்தன. அவர்களில் ஒரு பகுதியினர் இங்கே தங்கினார்கள். விரைவில் ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கையில் தேவாலயங்களை மரத்தாலேயே கட்டினார்களாம். திரும்ப முடியவில்லை. சதுக்கத்தில் இன்று நிற்கும் கல் தேவாலயம் 1752இல் கட்டப்பட்டது. மரத்திலிருந்து கல்லுக்கு வர அறுபது வருடங்களுக்கு மேல் சென்றிருக்கிறது!

அக்கா என் கையைப் பிடித்தார். "நானும் பத்து வருசம் தகரக் கொட்டில்ல இருந்தன் புள்ள. நாளைக்குப் போயிருவம் எண்டு ஒரு முருங்கைக் கொப்புக் கூட ஊண்டல்ல" என்றார். பல்கலைக்கழகத்தில் இடப்பெயர்வு பற்றிப் படித்தவள் நான். அந்தப் பாடங்களில் முருங்கைக் கொப்பு வந்ததாக நினைவில்லை.

அதே ஊரில் மார்கிட் கோவாச் (1902–1977) என்ற பெண் கலைஞரின் களிமண் சிற்பங்களுக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தாய்மார், கிழவிகள், மீனவரின் மனைவியர் என்று எல்லாமே எங்களுக்குத் தெரிந்த முகங்கள்.

அடுத்தது விசெகிராட். 1335இல் ஹங்கேரி, பொஹேமியா, போலந்து மன்னர்கள் கூடிப் பேசிய இடம். அந்த அரண்மனை பின்னர் மண்ணுக்குள் புதைந்துபோய், 1934இல்தான் தோண்டி எடுக்கத் தொடங்கினார்கள். மலைக்கோட்டைக்கு ஏற அக்காவின் முழங்கால் விடவில்லை. கீழே நின்றே பார்த்தோம்.

எஸ்டெர்கொமில் நாட்டின் மிகப் பெரிய தேவாலயம் இருக்கிறது. எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, எங்கள் கண் கீழே தெரிந்த பச்சைநிறப் பாலத்திற்குப் போனது. அக்கரை ஸ்லோவாக்கியா. 1895இல் திறக்கப்பட்ட இப்பாலத்தை, 1944 டிசம்பரில் பின்வாங்கிய ஜேர்மன் படையினர் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். யுத்தம் முடிந்த பின்னரும் எவரும் கட்டவில்லை. மீண்டும் திறக்கப்பட்டது 2001 ஒக்டோபரில். கிட்டத்தட்ட 57 வருடங்கள்! அக்கரையிலும் பெரும்பாலும் ஹங்கேரிய மொழி பேசுவோரே.

வழிகாட்டியின் பாட்டி எஸ்டெர்கொமில் வாழ்ந்தவர். பாட்டியின் தங்கை அக்கரையில் திருமணம் முடித்திருந்தார். இடையில் அரைக் கிலோமீற்றர் தண்ணீர்தான். பத்திரங்கள் எடுத்து, படகுக்குக் காத்திருந்து, அபூர்வமாகவே சந்தித்தார்களாம். பாட்டி 1998இல் இறந்துவிட்டார்.

நாற்பது நிமிடம் தந்தார்கள். பாலத்தில் நடந்தோம். அக்கா பழக்க தோஷத்தில் கடவுச்சீட்டையும் அடையாள அட்டையையும் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டார். எவரும் கேட்கவில்லை. 2007 டிசம்பரிலேயே இந்த எல்லையில் சோதனையை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனாலும் அடையாள அட்டையை உள்ளே வைக்கவில்லை.

பாலத்தின் நடுவில் நின்று, "அந்த மனிசி எத்தின தரம் கரையில வந்து நிண்டிருப்பா?" என்று கேட்டார். வழிகாட்டி முன்னே போய்விட்டிருந்தார்.

அக்கரையில் ஒரு தேநீர்க் கடை. எங்களிடம் யூரோ இருக்கவில்லை. சிறிது நேரம் வெளியே நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தோம்.