தைப்பூசத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டு பாலிசியை ஒருதடவை எடுத்துப் பாருங்க

 

தைப்பூச வேலை ஆரம்பிச்சாச்சு. பால்குடம், தண்ணீர் பந்தல், பஸ் ஏற்பாடு எல்லாம் குழுவுல வந்துக்கிட்டே இருக்கு. அதோட சேர்த்து இதையும் படிச்சிடுங்க. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கணும்.

போன வருஷம், 2025-ல, தைப்பூசம் பிப்ரவரி 11. முதல் நாள் சாயங்காலமே நம்ம ஆளுங்க பாதிப் பேர் பத்துமலைக்குப் போயாச்சு. வாசல்ல கார் இல்லை, செருப்பு இல்லை. வீட்டுல ஆள் இல்லைன்னு ரோட்டுல போறவங்களுக்கே தெரியும். அந்த ராத்திரி ஒரே வரிசையில ரெண்டு வீட்டுல திருட்டு. ரெண்டுமே நம்ம கோயில் குடும்பம். பெயர் வேண்டாம், அவங்க சம்மதத்தோடதான் எழுதுறோம்.

முதல் வீட்டுல பின்பக்கக் கிரில்லை அறுத்திருந்தாங்க. டிவி, ரெண்டு லேப்டாப், ஒரு டேப்லெட் போச்சு. அந்த அண்ணன் காலையிலேயே வெல்டரைக் கூப்பிடப் போனார். நாங்கதான் தடுத்தோம். முதல்ல ஃபோட்டோ, போலீஸ் ரிப்போர்ட், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு ஃபோன். அதுவரைக்கும் சங்கிலியும் பூட்டும் போதும். ஏன்னா, நம்ம நாட்டு வீட்டு பாலிசியில திருட்டுன்னா பொதுவா உடைச்சு உள்ளே வந்த திருட்டுதான் கணக்கு. உடைச்ச அடையாளத்தை நாமே சரிபண்ணிட்டா அப்புறம் எதைக் காட்டுறது? பத்துமலைக் கூட்டத்துல பாக்கெட்டிலிருந்து போன ஃபோனுக்கு அந்த பாலிசி பெரும்பாலும் கைகொடுக்காததும் இதனாலதான்.

அடுத்த தலைவலி ரசீது. கடையில கொடுக்கிற அந்த வழவழப்பான காகிதம் ரெண்டு வருஷத்துல வெள்ளையாயிடுது. அந்த அண்ணி ஒரு கவர் நிறைய எடுத்துக்கிட்டு வந்தாங்க, ஒண்ணுலயும் எழுத்து இல்லை. ஆனா மாடிப்படிக்குக் கீழே டிவி பெட்டி கிடந்துச்சு, அதுல சீரியல் நம்பர் ஸ்டிக்கர் இருந்துச்சு. ஒரு லேப்டாப்புக்கு வாரண்டி கார்டு. இன்னொண்ணு ஆன்லைன்ல வாங்கினது, பையன் ஃபோன்ல ஆர்டர் விவரம் அப்படியே இருந்துச்சு. தீபாவளிக்கு எடுத்த குடும்பப் படத்துல பின்னாடி டிவி தெரியுது, அதையும் சேர்த்தோம். சிரிக்காதீங்க, சேதம் மதிப்பிட வந்த அட்ஜஸ்டர் அந்தப் படத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

முதல் பதில்ல ரசீது இல்லாத அந்த லேப்டாப்பை விட்டுட்டாங்க. ஆர்டர் விவரத்தையும் பணம் கட்டின பேங்க் பதிவையும் வச்சு ஒரு கடிதம் போட்டோம், அப்புறம் சேர்த்தாங்க. கடைசியில வந்தது 4,300 வெள்ளி. புதுசா வாங்க ஏறக்குறைய 7,000 ஆச்சு. பொருள் பழசானதுக்குக் கழிச்சுத்தான் கொடுப்பாங்க, புது விலைக்கே ஈடு தர்ற பாலிசியா இருந்தாலொழிய. எது உங்களோடதுன்னு எடுக்கும்போதே கேட்டுக்கணும். கம்பெனியோட இறுதி முடிவு நியாயம் இல்லைன்னு பட்டா, ஆறு மாசத்துக்குள்ள எஃப்.எம்.ஓ.எஸ். என்கிற நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். 2025 ஜனவரி 1-லிருந்து நடக்குது, நம்மகிட்ட காசு வாங்க மாட்டாங்க.

ரெண்டாவது வீட்டு விஷயம்தான் எங்களுக்கு இன்னும் மனசுல நிக்குது. அம்மாவும் மகளும் மட்டும். அந்தப் பிள்ளை பொலிடெக்னிக் கடைசி செமஸ்டர். புரொஜெக்ட் கொடுக்க ஆறு வாரம் இருக்கும்போது லேப்டாப் போச்சு. அம்மா பயப்படவே இல்லை. வீட்டுக்கடனோட சேர்த்து வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுறோம் தம்பின்னு ஃபைலை பிளாஸ்டிக் பையில போட்டுக் கோயிலுக்குக் கொண்டுவந்தாங்க. அன்னதான மண்டபத்துல உட்கார்ந்து படிச்சோம். அது ஹவுஸ்ஓனர் பாலிசி.

இங்கேதான் நிறைய பேர் ஏமாந்து போறோம். ஹவுஸ்ஓனர்னா கட்டடத்துக்கு: சுவர், கூரை, கதவு. வீட்டுக்குள்ள இருக்கிற டிவி, லேப்டாப், பிரிட்ஜுக்கு ஹவுஸ்ஹோல்டர்னு வேற பாலிசி. பேருல ஒரு சொல்தான் வித்தியாசம். பேங்க் தன் கடனைக் காப்பாத்தக் கட்டடத்துக்குத்தான் கேட்கும், உள்ளே இருக்கிற சாமானைப் பத்தி அதுக்குக் கவலை இல்லை. அம்மாவுக்கு உடைஞ்ச கதவுக்கு மட்டும் கொஞ்சம் வந்துச்சு. "அப்போ இத்தனை வருஷம் கட்டினது சுவத்துக்கா தம்பி?"ன்னு கேட்டாங்க. நாங்க என்ன சொல்றது?

கோயில் பணத்துல ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுக்கலாம்னு சிலர் சொன்னாங்க. நிர்வாகம் ஒத்துக்கலை, இன்னைக்கு ஒருத்தருக்குச் செஞ்சா நாளைக்கு எல்லாருக்கும் செய்யணும்னாங்க. எங்களுக்கு வருத்தம்தான், ஆனா அதுலயும் நியாயம் இருக்கு. திருமுறை வகுப்பு லேப்டாப்பை ஆறு வாரத்துக்கு இரவல் கொடுத்தோம். பென் டிரைவ்ல இருந்தது பாதி, மீதியை அந்தப் பிள்ளை மறுபடி செஞ்சா. ராத்திரி கோயில் நடை சாத்தின பிறகும் மண்டபத்துல விளக்கு எரியும்.

முருகன் பார்த்துக்குவார், இன்சூரன்ஸ் எதுக்குன்னு சில பெரியவங்க கேட்கிறாங்க. ஐயா, முருகன் சந்நிதி உண்டியலுக்கே ரெண்டு பூட்டு போட்டிருக்கோம்.

தொழிற்சாலையில ஒவ்வொரு மெஷினுக்கும் நம்பர் ஒட்டி ஒரு புத்தகத்துல எழுதி வைப்போம். வீட்டுக்கும் அப்படிச் செய்ய அரை மணி நேரம் ஆகாது. டிவி பின்பக்கம், லேப்டாப் அடிப்பக்கம், ரசீது எழுத்து அழியறதுக்கு முன்னாடி, எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து வெளியில இருக்கிற பிள்ளைங்களுக்கும் அனுப்பி வச்சிடுங்க. ஃபோன்ல *#06# போட்டா வர்ற நம்பரையும் எழுதி வைங்க. மின்னல் அடிச்சு டிவி போனாலும் உடனே தூக்கிப் போடாதீங்க. ரிப்பேர் கடையில எழுதி வாங்கி, பொருளையும் வச்சிருக்கணும். தொகையைக் குறைச்சும் போடாதீங்க. 40,000 வெள்ளி சாமானுக்கு 20,000-க்கு மட்டும் எடுத்திருந்தா, நஷ்டத்துலயும் பாதிதான் வரும்னு பல பாலிசியில இருக்கு.

நாங்க ஏஜென்ட் இல்லை, எந்தக் கம்பெனி பேரும் சொல்ல மாட்டோம். வர்ற ஞாயிற்றுக்கிழமை உச்சிக்கால பூஜை முடிஞ்சதும் அன்னதான மண்டபத்துல இருப்போம். பாலிசியோட முதல் ரெண்டு பக்கம் கொண்டுவாங்க, ஐசி நம்பரை மறைச்சிடுங்க. அது ஹவுஸ்ஓனரா ஹவுஸ்ஹோல்டரான்னு சேர்ந்து பார்த்துச் சொல்றோம். பத்துமலை பஸ்ஸுக்குப் பேர் கொடுக்காதவங்களும் அங்கேயே கொடுத்திடலாம். இன்னும் ஒன்பது சீட்டுதான் இருக்கு.